தேர்தல் முடியட்டும் என்று நான் சொன்னேன்

யூட் அண்ணா.

சைரன் கேட்கிறது. என் கையில் இருக்கிற போனுக்குள் இருந்து கேட்கிறது. நான் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால், பஸ் தரிப்பில் நிற்கிறேன். வியாழக்கிழமை. எனக்குக் காலை ஏழு ஐம்பது. உனக்கு எட்டு ஐம்பது. நீ தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

"ஓடு! அண்ணா, ஓடு!"

படம் ஆடுகிறது. அப்பிள் மரம். வானம். உன் சப்பாத்து. ஒருவர் தாய்லாந்து மொழியில் கத்துகிறார். இன்னொருவர் சிங்களத்தில் கத்துகிறார். "துவன்ன! துவன்ன!" ஓடு, ஓடு என்று. குண்டு விழும்போது ஒதுங்குகிற கொங்கிறீட் அறை உனக்கு நாற்பது அடி தூரத்தில். நீ எனக்கு முன்பே காட்டியிருக்கிறாய். கதவில்லாத வெள்ளை அறை.

நீ ஓடவில்லை. படுத்துவிட்டாய். வன்னியில் பழகிய உடம்பு. சத்தம் கேட்டால் படு என்று அதற்குத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

"படுக்காதை! எழும்பு! எழும்பி ஓடு!"

ஒரு விசில் சத்தம். குட்டையானது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. வெடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. படம் அப்படியே நின்றது. ஒரு கிளை. கிளையில் மூன்று அப்பிள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற பெண் என்னைத் தொட்டு, எல்லாம் சரியா என்று இத்தாலியனில் கேட்டாள். ஓம் என்று தமிழில் சொன்னேன்.

இனி இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

யூட் என் ஒரே அண்ணன். என்னைவிட ஆறு வயது மூப்பு. ஊர் மன்னார், அடம்பன் பக்கம். இஸ்ரேலின் வடக்கில், லெபனான் எல்லைக்குக் கிட்ட, ஒரு அப்பிள் தோட்டத்தில் வேலை செய்தான். காசாவில் போர் தொடங்கிய பிறகு அங்கே தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. பாலஸ்தீன வேலையாட்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பறித்த பழத்தைப் பறிக்க எங்கள் நாட்டில் ஆள் எடுத்தார்கள். அண்ணாவும் போனான்.

அம்மாவும் நானும் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறோம். அம்மாதான் முதலில் வந்தார். வீடுகள் துடைத்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவதற்குப் பத்திரம் சேர்த்தார். பத்திரம் சரிவந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அண்ணாவுக்கு இருபத்தொன்று. பதினெட்டு தாண்டினால் சட்டத்தின்படி அவன் பிள்ளை இல்லை. நான் விமானம் ஏறினேன். அவன் மாமி வீட்டு வாசலில் நின்று கை காட்டினான். அதற்குப் பிறகு ஆறு வருடம். நான் அவனைத் தொட்டதில்லை. அம்மா அவனைத் தொட்டுப் பன்னிரண்டு வருடம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வேறு நாட்டுத் தேர்தல் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருப்பது.

2009. மே மாதம். முள்ளிவாய்க்கால். எனக்கு ஆறு வயது. பங்கர் அப்பாவின் இடுப்பளவு ஆழம். மண் சரிந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து பங்கர் ஆட்கள் வெளிக்கிடுகிறார்கள். களப்புத் தண்ணீருக்குள் இறங்கி, இராணுவம் நிற்கிற அந்தப் பக்கம் போகப் போகிறார்கள். "வாங்கோ! இருக்காதேங்கோ, வாங்கோ!" என்று கத்துகிறார்கள். அப்பா றேடியோவைக் காதோடு வைத்திருக்கிறார்.

"பொறுங்கோ. இந்தியாவிலை எலக்சன் முடிவு சனிக்கிழமை வருது. ஆட்சி மாறினால் அண்டைக்கே நிப்பாட்டுவாங்கள். ரெண்டு நாள்தானே."

அப்பா அன்றைக்கே செத்தார். வியாழக்கிழமை, மத்தியானம். ஷெல் பங்கருக்கு வெளியே விழுந்தது. அவர் றேடியோவுக்குச் சிக்னல் தேடி வெளியே போயிருந்தார். அண்ணா என் மேல் படுத்திருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை இந்தியாவில் முடிவு வந்தது. ஆட்சி மாறவில்லை. அம்மாவும் நாங்களும் தண்ணீருக்குள் இறங்கியபோது அதைக் கேட்க எங்களிடம் றேடியோ இல்லை.

ஒரு முறை பட்டால் போதும் என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் போதவில்லை.

நான் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்கிறேன். எண்பத்துநாலு வயது. நாலாம் மாடி. காலையில் இருந்து செய்தி ஓடும். அவருக்குக் கண் சரியில்லை. படத்தில் என்ன என்று நான் சொல்ல வேண்டும். காசா என்று சொல்வேன். குழந்தை என்று சொல்வேன். பிறகு போதும் என்பார். ஆனால் நிறுத்த விடமாட்டார். 2024 ஒக்டோபரில் முழு நாளும் அமெரிக்கத் தேர்தல்தான். சிஞ்ஞோரா இத்தாலியனில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"புது ஆள் வந்தால் சண்டை நிக்கும், டிலானி. அவரே சொல்லிப்போட்டார். எழுதி வை."

நான் நம்பினேன். நம்பினதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு இத்தாலியன் செய்தி விளங்காது. வீட்டில் உலகச் செய்தி என்றால் நான் சொல்வதுதான்.

அபு நாதிருக்கும் சொன்னேன். பல்லரோச் சந்தை முடிகிற இடத்தில் அவருடைய கடை. ஒலிவ், பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். காசாவில் பிறந்தவர். இங்கே வந்து முப்பது வருடம். தங்கை ஹனான் அங்கே ஒரு கூடாரத்தில், இரண்டு பிள்ளைகளோடு. நாங்கள் இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம். அவருடையது சந்தை இத்தாலியன், என்னுடையது சமையலறை இத்தாலியன். நான் கடைக்குள் போனால் பகிடி பண்ணுவார்.

"வந்திட்டா எங்கட தேர்தல் ஆணையாளர்! என்னவாம் முடிவு?"

"இந்தமுறை நிக்கும், பாருங்கோ."

"ஆர் சொன்னது? உன்ர கிழவியின்ர ரிவியோ?"

"ஓம்."

"எனக்கு அறுவத்தொரு வயது, பிள்ளை. எத்தினை பேர் வெண்டதைப் பாத்திட்டன். அமெரிக்காவிலை வெண்டவை, இஸ்ரேலிலை வெண்டவை, இஞ்சை ரோமிலை வெண்டவை. ஒவ்வொருத்தரும் வந்து கை குடுத்துப் படம் எடுப்பினம். அண்டைக்கு நாங்கள் இனிப்பு வாங்குவம். முன்னேறினது இனிப்புக் கடைக்காரன் மட்டும்தான்."

"அப்ப ஆர்தான் நிப்பாட்டுறது?"

ஒலிவை அள்ளிப் பையில் போட்டார். முகத்தில் பகிடி போய்விட்டது.

"அங்கை எங்களுக்கு வாக்கு இல்லை. அவைக்கு எங்கட சாவு அவசரமில்லை."

அப்படிச் சொன்னவர் போனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்காவில் அவருடைய மச்சான் ஒருவர் இருக்கிறார். பழைய ஆட்சி குண்டு கொடுத்தது என்ற கோபத்தில் அவர் புது ஆளுக்கு வாக்குப் போடப்போகிறாராம். அண்ணாவின் தோட்ட முதலாளிக்கும் அதே ஆள்தான் வர வேண்டும். அந்த மனிதரின் அக்கா மகன், போர் தொடங்கின நாளில் செத்தவன். புது ஆள் வந்தால் எங்கள் கையை அவிழ்த்து விடுவார், ஒரேயடியாக முடிப்போம் என்று அவர் அண்ணாவிடம் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு அந்த ஆள் குண்டை நிறுத்த வேண்டும். இன்னொருவருக்கு அவரே குண்டைக் கூட்ட வேண்டும். இரண்டு பேரும் அதைச் சமாதானம் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கும் முந்தின ஞாயிறு. அண்ணா எடுத்தான். மத்தியானம் ஒரு மணி. குரல் சரியில்லை.

"டிலா, எல்லையிலை நிக்கிற ஆக்கள் விருப்பமெண்டால் ஊருக்குப் போகலாமாம். வெள்ளிக்கிழமைக்கிடையிலை பேர் குடுக்க வேணுமாம்."

"போனால் திரும்ப விடுவினமோ?"

"மாட்டினம். விசா முடிஞ்சுது எண்டு அர்த்தம்." குரலைத் தணித்தான். "நேற்றும் கிட்டத்தான் விழுந்தது. என்ன செய்ய? போகவோ, நிக்கவோ?"

அங்கே வருடம் முடிந்தால் அவனுக்கு விடுமுறை. விடுமுறையில் இத்தாலிக்கு விசா கேட்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு அண்ணா பலெர்மோவில் நிற்பான். அம்மா அவனுக்குப் படுக்கிற இடம்கூடப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே.

"எலக்சன் முடியட்டும், அண்ணா. ஒரு கிழமை, பத்து நாள்தானே. ஆள் மாறினால் உனக்கு அங்கை பயமில்லை."

"உண்மையாவோ?"

"ரிவியிலை சொல்லினம்."

"நீ பாக்கிறனி. உனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சொல் அனுப்பினான். நிக்கிறன்.

அம்மா நேர்த்தி வைத்தார். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதைதான். மலை உச்சியில், குகைக்குள் இருக்கிறார். கிறிஸ்தவ வேதக்காரரும் ஏறுவார்கள், சைவக்காரரும் ஏறுவார்கள், மோரீசியஸ் தமிழ் ஆட்களும் ஏறுவார்கள். பத்திரம் கிடைக்க, பிள்ளை பிறக்க, வருத்தம் மாற என்று நேர்த்தி வைப்பார்கள். அமெரிக்கத் தேர்தலுக்கு நேர்த்தி வைத்தது என் அம்மா மட்டும்தான். புது ஆள் வென்றால் வெறுங்காலோடு மலை ஏறுகிறேன் என்று வைத்தார். பூசை முடிந்து வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன ரீட்டாக்கா, வெள்ளை மாளிகைக்கோ நேர்த்தி? ரொசாலியாவுக்கே பாஸ்போட் எடுக்க வேணும் போலை!"

"சிரியுங்கோடி. அந்தாள் வெண்டால்தான் என்ர பிள்ளைக்கு உயிர்."

புதன்கிழமை முடிவு வந்தது. புது ஆள் வென்றார். சிஞ்ஞோரா கை தட்டினார். நான் குளியலறைக்குள் போய் அண்ணாவுக்கு எடுத்தேன். "வெண்டாச்சு!" என்று கத்தினேன். அவன் சிரித்தான். பின்னால் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் நாட்டில் அந்த வருடம் செப்டம்பரில் ஜனாதிபதி மாறினார். ஞாயிறு முடிவு, திங்கள் பதவி. எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராவுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். இன்னும் ஏன் நிற்கவில்லை?

"அவர் கதிரையிலை இருக்கிறது ஜனவரியிலைதானே, பிள்ளை."

ஜனவரி. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பழைய ஆள். பழைய குண்டு. பெயர் கொடுக்கிற நாள் போய் ஒரு கிழமை. அண்ணாவுக்குச் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன்.

"விசரி, இதுக்கே அழுறாய்? இவ்வளவு நாளும் நிண்டனான். ரெண்டு மாதம் பெரிசே?"

அம்மாவுக்கு ஜனவரிக் கதையைச் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார். வெறுங்கால். கல் பாவிய பாதை. மழை தூறியது. நான் அவருடைய சப்பாத்தைக் கையில் கொண்டு பின்னால் போனேன். குகைக்குள் முழங்காலில் நின்று நன்றி சொன்னார். பெருவிரலுக்குக் கீழே தோல் கிழிந்திருந்தது. வீட்டில் உப்புத் தண்ணீர் வைத்துக் கழுவினேன்.

நாலாம் நாள் வியாழக்கிழமை.

பதினொரு மணிக்கு அண்ணாவோடு வேலை செய்த சமிந்த எடுத்தான். சிங்களப் பொடியன். தமிழ் கொஞ்சம் தெரியும்.

"தங்கச்சி. யூட் இல்லை."

"எங்கை போட்டான்?" என்று கேட்டேன். அவன் அழுதான். அப்போதுதான் விளங்கியது.

ஓடினவர்கள் தப்பினார்கள். அண்ணாவோடு இரண்டு தாய்லாந்து ஆட்கள் செத்தார்கள். வேறு மரத்தடியில்.

பெட்டி கொழும்புக்குப் போய் மன்னாருக்குப் போனது. அம்மா போனார். இத்தாலியில் இருக்கிற அனுமதி, என் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. நான் போகவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். பெட்டியைத் திறக்க விடவில்லை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா தொட்டது பலகையை.

அதே மாதக் கடைசியில் லெபனான் பக்கம் சண்டை நிறுத்தம் வந்தது. அண்ணா இன்னும் இரண்டு கிழமை இருந்திருந்தால் போதும். அதைச் செய்தது பழைய ஆள். மாற வேண்டும் என்று நாங்கள் நேர்ந்த ஆள்.

ஜனவரியில் காசாவிலும் நின்றது. புது ஆள் பதவிக்கு வர ஒரு நாள் இருந்தது. அபு நாதிர் கடை வாசலில் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். சந்தை முழுவதும் சத்தம். என் கையிலும் வைத்தார்.

"சாப்பிடு. உன்ர கிழவி கெட்டிக்காரி."

சாப்பிட்டேன். அவருக்காக விழுங்கினேன். என் அண்ணா செத்தது அவருக்குத் தெரியும். நான் ஏன் அழுகிறேன் என்று கேட்கவில்லை.

மார்ச்சில் அந்த நிறுத்தம் உடைந்தது. செவ்வாய்க்கிழமை. அதே புது ஆள்தான் கதிரையில். நான் புதன் காலை போனேன். கடையில் கதவு பாதி இறக்கியிருந்தது. அபு நாதிர் உள்ளே சாக்கு மேல் இருந்தார். ஹனான். நூர். சமீர். மூன்று பெயர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உன்ர அண்ணா எங்கட ஆக்களின்ர வேலைக்குத்தான் போனவர், என்ன?" என்றார்.

"ஓம்."

"எனக்கு அது கோபம். நீ வாறநேரமெல்லாம் கோபம். சொல்லேல்லை."

"தெரியும்."

"அவரின்ர பேர் என்ன?"

"யூட்."

அவர் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது வேறு மாதிரி வந்தது. பிறகு எனக்கு மிளகாய்த்தூள் கட்டித் தந்தார். நான் வாங்க வந்திருக்கவில்லை.

செப்டம்பரில் பல நாடுகள் பாலஸ்தீனத்தை நாடு என்று ஏற்றுக்கொண்டன. ரிவியில் கை தட்டினார்கள். அபு நாதிர் கேட்டார், என் தங்கை இருந்த கூடாரத்தை எந்த நாடு ஏற்றுக்கொள்கிறது என்று. ஒக்டோபரில் மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் தலைவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். அவர் இனிப்பு வாங்கவில்லை. அதற்குப் பிறகும் அங்கே ஆட்கள் சாகிறார்கள். சிஞ்ஞோரா இப்போது அடுத்த தேர்தல்களைப் பற்றிக் கதைக்கிறார். அங்கே மாறினால், இங்கே மாறினால் என்று. நான் ரிவியின் சத்தத்தைக் குறைக்கிறேன். நல்ல ஆள் வந்தால் நல்லது நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கலாம். ஆனால் அது அவர்களின் நாட்கணக்கில் நடக்கும். குண்டு எங்கள் நாட்கணக்கில் விழும்.

அண்ணாவின் ஒரு வருடப் பூசை நவம்பரில் முடிந்தது. வீட்டுக்கு வந்தோம். அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வைத்திருக்க முடியாமல் சொன்னேன்.

"அம்மா, அவன் போகவோ நிக்கவோ எண்டு என்னட்டைக் கேட்டவன். நான்தான் நிக்கச் சொன்னனான்."

அம்மா கத்தியை வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"அந்த ஞாயிறோ?"

"ஓம்."

"என்னட்டையும் கேட்டவன். திங்கக்கிழமை. அம்மா, நான் வரவோ எண்டு கேட்டவன். நேர்த்தி வைச்சிருக்கிறன் மோனை, பொறு எண்டு சொன்னன்."

ஒரு வருடம். ஒரே அறையில் படுத்தோம். அவர் எனக்குத் தெரியாமல் அழுதார். நான் அவருக்குத் தெரியாமல் அழுதேன். சமிந்தவுக்கு எடுத்துக் கேட்டேன். ஓம் என்றான். அவனிடமும் கேட்டானாம், முதலாளியிடமும் கேட்டானாம். அண்ணா எல்லோரிடமும் கேட்டிருக்கிறான். யாராவது ஒருவர் வா என்று சொல்வார் என்று பார்த்திருக்கிறான். ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் முடிவு வரட்டும் என்றோம்.

போனவர்களைச் சொல்கிறேன்.

முள்ளிவாய்க்காலில் என் அப்பா. முப்பத்தொன்பது வயது. அவரைப் புதைக்க நேரம் இருக்கவில்லை. போர் தொடங்கின நாளில் முதலாளியின் அக்கா மகன். பெயரை அண்ணா சொன்னவன், நான் மறந்துவிட்டேன். அப்பிள் தோட்டத்தில் தாய்லாந்து ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணாவுக்குத் தன் ஊர்ப் பாட்டுப் பழக்கியவர். காசாவில் ஹனான். அவருடைய மகள் நூர், ஒன்பது வயது. மகன் சமீர், நாலு வயது. என் அண்ணா யூட். இருபத்தேழு வயது. கல்யாணம் கட்டவில்லை. கடல் பார்த்த வீடு வேண்டும் என்பான். எட்டுப் பேர். எனக்குத் தெரிந்த எட்டு.

இதை வாசிக்கிறவர்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் இன்றைக்கு ஒரு தரம் அவர்களுக்காக மன்றாடுங்கள். வெல்லப் போகிற ஒருவருக்காகவும் மன்றாட வேண்டாம். அதை என் அம்மா செய்துவிட்டார். இந்த எட்டுப் பேருக்காக மன்றாடுங்கள். பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்பாவை யூட்டின் அப்பா என்று சொன்னால் போதும். மூன்று பேருக்கு என்னிடம் பெயர் இல்லை. அவர்களுக்காக ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.